துரத்தியவர் யார்? – போடி மலைச்சரிவின் வருகைக் கதைகளும் அவற்றை வாசிக்கும் முறையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் போடிநாயக்கனூர் அமைந்திருக்கிறது. ஊரிலிருந்து புறப்படும் சாலை போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளின் ஏலத் தோட்டங்களுக்குள் நுழைகிறது. அங்கே விளையும் ஏலக்காய் கீழே இறங்கிவந்து போடியில் விலை பேசப்படுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளை வீட்டில் பேசும் குடும்பங்கள் இவ்வூரிலும் அருகிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கிலும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்துவருகின்றன. உத்தமபாளையம், கம்பம், போடி ஆகிய ஊர்களில் நம் இராவுத்தர் சமூகத்தாரும் கணிசமாக உள்ளனர். மலையின் மேலே முதுவர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர்.

இம்மக்கள் தாம் இங்கு வந்த வரலாற்றைக் கூறும் கதைகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ஏறக்குறைய எல்லாக் கதைகளும் ஓட்டக் கதைகளே. எவரோ துரத்தினர்; தாங்கள் தப்பி ஓடிவந்தோம்; வழியில் தெய்வமோ மரமோ துணை நின்றது; இறுதியில் இம்மண்ணை அடைந்தோம் என்பதே அவற்றின் சாரம். அவற்றுள் சில கதைகளில் துரத்தியவர்களாக வருபவர்கள் முஸ்லிம்கள். எனவே இக்கதைகளை எவ்வாறு வாசிப்பது என்பது நாட்டாரியல் ஆய்வாளருக்கு மட்டும் உரிய வினா அன்று; நமக்கும் உரியது. பக்கத்து வீட்டாரின் குலக்கதையில் நாம் கொடியவராக வருகிறோம் என்றால், அதற்கு நாம் கூறும் விடை நம் வரலாற்று உணர்வையும் நீதியுணர்வையும் ஒருங்கே சோதிக்கும் உரைகல்லாகிவிடுகிறது.

புங்க மரம் வளைந்த கதை

1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து வெளியிட்ட மதுரை மாவட்டக் கெசட்டியரும், 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி ஆகியோரின் உழைப்பில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலும் இக்கதைகளை அச்சில் ஏற்றின. தெலுங்கு பேசும் இராஜகம்பளத்தார், கன்னடம் பேசும் காப்பிலியர் ஆகிய இரு சமூகத்தாரிடையேயும் ஒரே வகையான கதை வழங்கியதை இவை பதிவுசெய்கின்றன. வடக்கே வாழ்ந்த காலத்தில் முஸ்லிம்கள் தங்களை ஒடுக்கினர். தங்கள் பெண்களை மணமுடித்துத் தரும்படி வற்புறுத்தினர். மானம் காக்க இரவோடு இரவாகப் புறப்பட்டனர். கடக்க முடியாத வெள்ளம் குறுக்கிட்டது. அப்போது இரு கரைகளிலும் நின்ற புங்க மரங்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து பாலமாயின. அவர்கள் கடந்ததும் மரங்கள் நிமிர்ந்துகொண்டன. துரத்தியவர்கள் அக்கரையிலேயே நின்றுவிட்டனர். காப்பிலியர் கதையில் அந்த ஓட்டம் துங்கபத்திரையைக் கடந்து மைசூர், காஞ்சிபுரம், கோயம்புத்தூர் வழியாக மதுரைச் சீமைக்கு வந்து முடிகிறது. புங்க மரத்தை இச்சமூகத்தார் போற்றுவதற்கும் இக்கதையே காரணமாகக் கூறப்படுகிறது.

போடிநாயக்கனூர்ப் பாளையக்காரரின் குடும்ப மரபும் இதே திசையில் செல்கிறது. சக்கு நாயக்கர் என்னும் முன்னோர் முஸ்லிம்களிடமிருந்து தப்பும்பொருட்டு 1336இல் கூத்தியிலிருந்து, அதாவது இன்றைய ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்துக் கோட்டை நகரிலிருந்து, புறப்பட்டு வந்தார் என்பது அம்மரபு.

இத்தகைய கதை முன்வைக்கப்படும்போது நம்மிடையே இரண்டு வகையான எதிர்வினைகளைக் காண்கிறோம். முதலாவது, முழு மறுப்பு. ஆங்கிலேயர் புனைந்த அவதூறு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. இரண்டாவது, எதிர்ப்பட்டியல். பிற சமய அரசர்கள் இழைத்த கொடுமைகளை வரிசைப்படுத்திக் கணக்கை நேர்செய்வது. மறுபக்கத்திலோ, இக்கதையை அப்படியே ஆவணமாக ஏற்று இன்றைய முஸ்லிம்களின் மீது சுமத்த விழைவோரும் உளர். இம்மூவரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாகத் தோன்றினும், கதையை ஒரு குற்றப்பத்திரிகையாக வாசிப்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர். அக்குற்றத்தை ஒருவர் மறுக்கிறார், ஒருவர் ஈடுகட்டுகிறார், ஒருவர் நிரூபிக்க முனைகிறார். கதை உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்பவர் எவருமில்லை.

1336 என்னும் ஆண்டு

முதலில் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 1336 எளிய எண் அன்று. விஜயநகரம் தோன்றியதாக மரபு கூறும் ஆண்டு அது. தென்னகத்தில் தம் பெருமையை அப்பேரரசோடு இணைத்துக்கொள்ள விரும்பிய பாளையக்காரக் குடும்பத்தின் வரலாறு அதே ஆண்டில் தொடங்குவது தற்செயலானது என்று கொள்வதற்கில்லை. அது நாட்காட்டியின் ஆண்டைவிடத் தகுதியின் ஆண்டாகவே தோன்றுகிறது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1335 வாக்கில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியின் மேலாண்மையை உதறிவிட்டு மதுரையில் தனிச் சுல்தானகத்தை நிறுவினார். அது 1378 வாக்கில்தான் முற்றிலும் மறைந்தது. அப்படியாயின், 1336இல் முஸ்லிம்களிடமிருந்து தப்ப எண்ணிக் கூத்தியிலிருந்து மதுரைச் சீமைக்கு ஓடிவந்த ஒருவர், ஒரு சுல்தானின் ஆட்சிக்கு அஞ்சி அப்போதுதான் தோன்றிய மற்றொரு சுல்தானின் ஆட்சிப் பகுதிக்குள்ளேயே நுழைந்திருக்க வேண்டும். கதையைச் சொன்னவர்களுக்கு இம்முரண் தோன்றவில்லை. அச்சில் ஏற்றிய அதிகாரிகளும் இதைப் பொருட்படுத்தவில்லை.

இதனால் இடப்பெயர்வே நிகழவில்லை என்று முடிவுகட்டிவிடலாகாது. 1323இல் வாரங்கலும், 1327இல் துங்கபத்திரைக் கரையின் கம்பிலியும் தில்லிப் படைகளிடம் வீழ்ந்தன. அப்பகுதிகளில் பெருங்குலைவு ஏற்பட்டது ஐயமற்ற வரலாறு. பின்னர், பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில் விஜயநகரத்தின் கை தெற்கே நீண்டபோது தெலுங்கு, கன்னடப் படைக்குடிகளும் உழவர் குடிகளும் தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வந்து குடியேறினர். 1529ஐ ஒட்டி மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி அமைந்தது, பாளையங்கள் வகுக்கப்பட்டன. அவர்களுள் பலர் வந்தது ஒரு பேரரசின் படைவீரராகவும் நிலம் பெற்றோராகவும் ஆகும். ஆனால், படையோடு வந்து நிலம் பெற்றோம் என்று கூறுவதைவிட, மானம் காக்க ஓடிவந்தோம், தெய்வம் வழிவிட்டது என்று கூறுவது மண்ணின்மீதான உரிமைக்கு ஒரு புனிதத்தைச் சேர்க்கிறது. வென்று வந்தவரிடம் பிறர் கணக்குக் கேட்பர். தப்பி வந்தவருக்கோ இடம் தருவர். ஓட்டக் கதையின் முதற்பணி இதுவே என்பது நம் கருத்து.

மலையேறினால் மாறும் பாத்திரங்கள்

இக்கருத்துக்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. போடியிலிருந்து மலையேறினால் போதும்.

முதுவர்கள் தங்கள் பூர்வீகம் மதுரை என்கின்றனர். அங்கே ஏற்பட்ட ஒரு குழப்பத்தில் மீனாட்சியம்மையின் திருவுருவையோ தம் குழந்தைகளையோ முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்னும் பெயர் அமைந்தது என்பது அவர்களுடைய மரபு. எவரிடமிருந்து ஓடினர்? தர்ஸ்டனின் தொகுப்பில் இதற்கு மூன்று விடைகள் ஊகமாக அடுக்கப்பட்டுள்ளன. பாண்டிய அரசர்கள் தெற்கே வந்தபோது ஓடியிருக்கலாம். அல்லது, பதினான்காம் நூற்றாண்டில் தெலுங்கு நாயக்கர்கள் போடிநாயக்கனூரைக் கைப்பற்றியபோது ஓடியிருக்கலாம், அதுவே பெரிதும் பொருந்தும். அல்லது, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் படையெடுப்பாளர்கள் விரட்டியிருக்கலாம்.

இந்த மூன்று ஊகங்களும் நம் ஆய்வுக்கு மிகப் பயன்படுவன. முதலாவதாக, சமவெளியில் ‘துரத்தப்பட்டவர்’ என்று தம்மைக் கூறிக்கொண்ட அதே நாயக்கர்கள், மலைச்சரிவில் ‘துரத்தியவர்’ ஆகிவிடுகின்றனர். சில கல் தொலைவில், சில ஆயிரம் அடி உயரத்தில் பாத்திரங்கள் இடம்மாறுகின்றன. இரண்டாவதாக, நாயக்கர்கள் போடியைக் கைக்கொண்டது பதினான்காம் நூற்றாண்டு என்னும் கணக்கு பாளையக்காரரின் குடும்ப மரபோடு ஒத்துப்போவதன்றி வேறு சான்று எதுவும் அங்கே காட்டப்படவில்லை. ஆக, ஒரு நாட்டார் கதையைக் கொண்டு மற்றொரு நாட்டார் கதைக்குக் காலம் குறிக்கப்படுகிறது. மூன்றாவதாக, அந்த மூன்று விடைகளுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. இத்தனை நூற்றாண்டு இடைவெளியில் எவரை வேண்டுமானாலும் பொருத்த முடிகிறது என்றால், அங்கே இருப்பது ஒரு மனிதரின் பெயர் அன்று. ஒரு காலி ஆசனம். சொல்பவரும் எழுதுபவரும் தத்தம் காலத்தின் அச்சத்துக்கேற்ப அதில் ஒருவரை அமர்த்துகின்றனர்.

மலையின் மறுசரிவிலும் இதே நிலைதான். ஏலமலைகளின்மீது உரிமை கொண்டாடிய பூஞ்ஞாறு அரசகுடும்பம் தன்னை மதுரையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வெளியேறிய பாண்டியர் கிளை என்கிறது. பந்தளம் அரசகுடும்பமும் அவ்வாறே கூறுகிறது. அவர்களைத் துரத்தியவர் யார் என்னும் வினாவுக்குச் சிலர் மாலிக் காபூரின் படை என்பர். சிலர் நாயக்கர் என்பர். ஆனால் அந்தப் பூஞ்ஞாறு அரசரே 1877இல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தார். மலைமக்கள் வழிவழியாகப் புழங்கிய காடு தோட்டமாயிற்று. அந்த மாற்றம் கையொப்பமும் தேதியும் உடையது. ஆனால் ஆங்கிலேயர் தொகுத்த அந்த ஊகப்பட்டியலில், மக்களை இடம்பெயரச் செய்தோரின் வரிசையில், ஆங்கிலேயர் மட்டும் இடம்பெறவில்லை.

பெண் கேட்ட அரசன்

பெண் கேட்ட கொடியோன், ஊரைத் துறந்த குலம் என்னும் கட்டமைப்பு முஸ்லிம்களைப் பற்றிய கதைகளுக்கு மட்டும் உரியதா? அன்று. நகரத்தார் தம் குலவரலாற்றில் காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு சோழ அரசன் தங்கள் பெண்களைச் சிறைகொண்டதையும், அதனால் குலமே மாய்ந்து, எஞ்சிய ஆண்பிள்ளைகள் வழியாகப் பாண்டிநாட்டில் மீண்டும் தழைத்ததையும் கூறுவர். இராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேருக்கு அருகே பாழடைந்து கிடக்கும் குல்தாரா என்னும் ஊரைப் பற்றி, இராஜபுத்திர அரசின் திவானான சாலிம் சிங் ஒரு பாலிவால் பிராமணப் பெண்ணை விரும்பியதால் 84 கிராமத்தார் ஒரே இரவில் வெளியேறினர் என்ற கதை வழங்குகிறது. சோழன், திவான், துருக்கன் என ஆசனத்தில் அமர்பவர் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு மாறுவதில்லை.

இனி நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். தென்னக முஸ்லிம்களின் தோற்றம் பற்றி மார்க் வில்க்ஸ் 1810இல் வெளியிட்ட தம் தென்னிந்திய வரலாற்று நூலில் ஒரு மரபைக் குறித்துள்ளார். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் ஈராக்கின் ஆளுநரான ஹஜ்ஜாஜ் பின் யூசுபின் கொடுமைக்கு அஞ்சி ஹாஷிம் குடும்பத்தார் கப்பலேறினர். கொங்கணக் கரையில் இறங்கியோர் நவாயத்துகள், குமரிமுனைக்குக் கிழக்கே இறங்கியோர் லெப்பைகள் என்பது அது. இம்மரபை நம் முன்னோர் பலர் பெருமையோடு எடுத்துரைத்துள்ளனர். இங்கே துரத்தப்பட்டவர்கள் முஸ்லிம்கள். துரத்தியவரும் ஒரு முஸ்லிம். இக்கதையைக் கேட்டு எவரேனும் ஈராக்கியர் அனைவரையும் குற்றவாளிகள் என்பரோ? இதை நாம் நம் குலத்தின் கண்ணியத்தைக் கூறும் கதையாகவே கேட்கிறோம். நம் கதைக்குத் தரும் அதே செவியை அயலாரின் கதைக்கும் தருவதே நேர்மை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டுள்ளோம். ஃபிர்அவ்னிடமிருந்து மூஸா (அலை) அவர்களும் பனூ இஸ்ராயீல் மக்களும் கடல் பிளந்து காக்கப்பட்டது நமக்கு வஹீயின் வழி வந்த செய்தி. அதை நாட்டார் கதைகளோடு ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், நீர் வழிவிடுதல் என்னும் அடையாளத்தைப் பல சமூகங்கள் தத்தம் வரலாற்றுக்கு முத்திரையாகப் பயன்படுத்தியுள்ளன. பம்பிலியாக் கடலோரத்தில் அலெக்சாந்தருக்குக் கடல் விலகி வழிவிட்டது என்று அவருடைய காலத்துக் கிரேக்கர் எழுதினர். முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அதை மூஸா (அலை) அவர்களின் கடலோடு ஒப்பிட்டு எழுதினார். ஒடுக்கப்பட்டோருக்குக் கிட்டிய அற்புதத்தைப் பேரரசனும் தனக்கென்று கோருகிறான். எனவே நீர் யாருக்கு வழிவிட்டது என்று கேட்பதோடு நில்லாமல், அவ்வாறு கூறுவதால் இன்று யாருக்கு என்ன உரிமை கிடைக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இப்னு கல்தூன் காட்டிய வழியும் இதுவே. 1377இல், மதுரைச் சுல்தானகம் மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவர் தம் முகத்திமாவை எழுதினார். வரலாற்றாசிரியர் செய்யும் பிழைகளுக்கு அவர் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டுவது, மூஸா (அலை) அவர்களுடன் பாலைவனத்தில் இருந்த படையினர் ஆறு லட்சம் பேர் என்னும் கணக்கு. சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் அவ்வளவு பெருக முடியுமா, அத்தனை பெரிய படை அந்நிலத்தில் அணிவகுக்க முடியுமா என்று அவர் கேட்டார். நிகழ்வை அவர் மறுக்கவில்லை. மனிதர் சேர்த்த எண்ணை ஆராய்ந்தார். நம்பிக்கையும் ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அந்தப் பக்கங்களே சான்று. புங்க மரக் கதைக்கும் இந்த அளவுகோலையே நாம் கைக்கொள்கிறோம்.

மறைக்கலாகாத சாட்சியம்

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். துரத்தியவரின் இடம் காலி ஆசனம் என்று கூறி, முஸ்லிம் அரசர்கள் இழைத்த உண்மைக் கொடுமைகளைக் கரைத்துவிட முயல்கிறோமா? இல்லை. அவ்வாறு செய்தால் நம் திறனாய்வு வழக்கறிஞரின் தந்திரமாகத் தாழ்ந்துவிடும்.

மதுரைச் சுல்தானகத்தைப் பற்றி இப்னு பத்தூத்தா எழுதியதை நாம் மறைத்தற்கில்லை. அவர் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர். அப்போது ஆண்ட கியாதுத்தீன் தாமகானியும் அஹ்ஸன் ஷாவின் மற்றொரு மகளை மணந்தவராதலால் அவருக்கு உறவினர். அவருடைய விருந்தினராகவே 1340களில் மஅபரில் தங்கியிருந்தார். அச்சுல்தான் சிறைப்பட்ட கிராமத்தாரைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் பதிவுசெய்துள்ளார். தாம் வேறெந்த அரசரிடமும் அறிந்திராத இழிசெயல் என்று கடிந்து, அல்லாஹ் அம்மன்னரின் முடிவை விரைவுபடுத்தியதற்கு அதுவே காரணம் என்றும் எழுதியுள்ளார். அக்கொடுமைக்கு நம்மிடமுள்ள மிக நெருங்கிய சாட்சி ஒரு முஸ்லிம், ஒரு காழி, கொடுமை செய்தவரின் உறவினர். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ எதிராக இருப்பினும் சரியே என்பது அந்நிஸா அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை. இப்னு பத்தூத்தாவின் அப்பக்கங்களில் அக்கட்டளை நிறைவேறக் காண்கிறோம்.

இங்கே பயனுள்ள ஒரு பாகுபாடு கிடைக்கிறது. இப்னு பத்தூத்தாவின் சாட்சியத்தில் கொடியவருக்குப் பெயர் உண்டு, இடம் உண்டு, காலம் உண்டு. கண்டவர் இன்னார் என்பதும் தெரியும். அது வரலாறு. புங்க மரக் கதையில் கொடியவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவர் ஒரு கூட்டத்தின் பெயரால் மட்டுமே அறியப்படுகிறார். அது மரபு. முன்னதை ஏற்க மறுப்பது நேர்மையின்மை. பின்னதை வைத்து ஒரு சமூகத்துக்குத் தண்டனை கேட்பது அநீதி.

துருக்கர் முசல்மான் ஆனது

அக்கூட்டத்தின் பெயரும் ஆராய்ச்சிக்குரியது. தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகளில் வழங்கிய துருஷ்கர், துருக்கர் என்னும் சொற்கள் பெரிதும் படையையும் இனத்தையும் ஆட்சியையும் குறித்தன. ஆந்திரக் கல்வெட்டுகளை ஆராய்ந்த சிந்தியா டால்பட், துருக்கர் பற்றிய சித்திரம் போர் முனைந்த காலத்தில் கொடியதாகவும், அரசுகள் நிலைபெற்ற காலத்தில் தணிந்ததாகவும் மாறிவந்ததை 1995இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். விஜயநகர அரசர்களே ‘இந்து ராய சுரத்ராணர்’, அதாவது இந்து அரசர்களுள் சுல்தான், என்று பட்டம் சூடிக்கொண்டனர். இரண்டாம் தேவராயர் தம் படையில் முஸ்லிம் குதிரைவீரர்களைச் சேர்த்து, அவர்களுக்குப் பள்ளிவாசல் கட்டித்தந்து, அவர்கள் முறைப்படி வணக்கம் செலுத்துவதற்காகத் தம் அரியணை முன் குர்ஆன் பிரதியை வைத்திருந்ததாக ஃபிரிஷ்தா எழுதுகிறார். இச்சூழலில் துருக்கர் என்பது ஒரு மார்க்கத்தார் அனைவரையும் குறித்த பகைப்பெயராக மட்டும் இருந்திருக்க இயலாது.

ஆங்கில அதிகாரிகளின் ஏட்டில் இத்தகைய கதைகள் ஏறியபோது பகைவர் ‘முசல்மான்கள்’ ஆயினர். ஒரு படையின் நினைவு ஒரு மதத்தின் குற்றமாக மாறுவதற்கு அம்மொழிபெயர்ப்பு வழிதிறந்தது. ஹென்றி எலியட் 1849இல் எழுதிய முன்னுரையில், முஸ்லிம் ஆட்சியின் கொடுமையை அறிந்தால் இந்தியக் குடிகள் ஆங்கில ஆட்சியின் நன்மையை உணர்வர் என்னும் நோக்கத்தை ஒளிக்காமலே கூறினார். பிரான்சிசும் தர்ஸ்டனும் அத்தகைய உள்நோக்கத்தோடுதான் எழுதினர் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் தொகுத்திராவிடில் இக்கதைகளுள் பல மறைந்தே போயிருக்கும். ஆனால் அவர்கள் எழுதிய காற்று அதுவாக இருந்தது என்பதை வாசிப்பவர் மறத்தலாகாது.

அதே நாட்டாரின் வேறு துருக்கர்

நாட்டார் மரபு துருக்கரைத் துரத்துபவராக மட்டுமே படைத்ததா? இல்லை. திரௌபதியம்மன் கோயில்களில் முத்தால இராவுத்தர் காவல் தெய்வமாக நிற்கிறார். அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என்று விளிக்கிறார். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் என்னும் பெயரில் ஒரு சுல்தானின் மகள் வழிபடப்படுகிறார். கவர்ந்து சென்ற திருவுருவின்மீது காதல் கொண்டு தெற்கே வந்தவர் அவர் என்பது அக்கோயில் மரபு. புங்க மரக் கதையை இதனோடு ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் மாற்றம் தென்படும். அங்கே துருக்கர் பெண் கேட்க, குலம் ஓடுகிறது. இங்கே துருக்கரின் மகளே தேடி வருகிறாள். கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகச் சபரிமலை செல்லும் பக்தர்கள் எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம்வந்த பின்னரே மலையேறுவது வழக்கம். ஒரே மலைத்தொடரில் துருக்கர் பகைவராகவும், காவலராகவும், மணமகளாகவும், தோழராகவும் நிற்கிறார்.

ஆனால் இங்கும் நாம் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். நமக்கு இனிய கதைகளை வரலாறாகவும், கசப்பான கதைகளைப் புனைவாகவும் கொள்வது திறனாய்வு ஆகாது. வாவரை முகலாயர் பாபரே என்று சொல்லி மகிழ்வோர் நம்மிடையே உண்டு. பாபர் பானிபட்டில் வென்றது 1526இல். 1530இல் மறைந்த அவர் தென்னகத்தில் அடியெடுத்து வைத்ததே இல்லை. பெயரொலியின் ஒப்புமை மட்டும் வரலாற்றுக்குப் போதாது. புங்க மரத்துக்கு எந்தத் துலாக்கோலோ, வாவருக்கும் அதே துலாக்கோல்.

நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: அயலாரின் குலக்கதையை மறுப்பது நம் பணியன்று. அது அவர்கள் தம் முன்னோரின் மானத்தையும் துயரத்தையும் போற்றும் மொழி. அக்கதையைக் கேட்டு, அதில் உள்ள அச்சத்தை மதித்து, அதன் காலத்தையும் இடத்தையும் வினவுவதே அறிவுடைமை. இரண்டு: கதையிலிருந்து இன்றைய மனிதர்களின் மீது வழக்குத் தொடுப்போரை மறுக்க வேண்டும். ஆனால் அம்மறுப்பு ஆண்டாலும் ஆவணத்தாலும் ஒப்பீட்டாலும் அமைய வேண்டும், ஆத்திரத்தால் அன்று. மூன்று: நம் சொந்த வருகைக் கதைகளை நாமே தொகுக்க வேண்டும். இராவுத்தர் என்றால் குதிரைவீரர் என்பதோடு நம்மில் பலருடைய குலவரலாறு நின்றுவிடுகிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய குடும்பங்களின் நினைவுகள், பழைய கணக்கேடுகள், பள்ளிவாசல் கல்வெட்டுகள், மீஸான் கற்களில் உள்ள பெயர்கள் ஆகியன தொகுக்கப்படாமல் மறைந்துவருகின்றன. எழுதாத சமூகத்தைப் பற்றிப் பிறரே எழுதுவர். அவ்வெழுத்தில் காலி ஆசனத்துக்கு ஆள் தேவைப்படும்போது அச்சமூகமே முதலில் அமர்த்தப்படும்.

போடியின் ஏலச் சந்தையில் இன்று விற்பவரும் வாங்குபவரும் யாரெனப் பார்த்தால், கதைகளில் துரத்தியவராகவும் துரத்தப்பட்டவராகவும் பேசப்படுவோரின் வழித்தோன்றல்கள் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பர். அவர்கள் ஒருவர் கையை ஒருவர் நம்பியே பெருந்தொகைக்குச் சரக்கை மாற்றிக்கொள்கின்றனர். இந்த நம்பிக்கை எந்தக் கதையிலும் எழுதப்படவில்லை; எனினும் அது பல தலைமுறைகளின் உண்மை. குலங்களாகவும் கோத்திரங்களாகவும் மனிதர் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கிறது. அறிதல் என்பதில் ஒருவர் மற்றவரின் கதையை அறிதலும் அடங்கும். அக்கதை நமக்கு உவப்பானதாக இல்லாதபோதும் அவ்வறிதல் கடமையே.

வல்லாஹு அஃலம்.